சிவப்பு நாற்காலியும் முந்நூற்றுப் பன்னிரண்டு சபாஷும்

ஏப்ரல் 7, திங்கள்

இந்த டைரியில் லைக் பட்டன் இல்லை. அதனால் எழுதி முடித்ததும் நானே கீழே ஒரு லைக் போட்டுக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். நீதிபதியும் நானே, கட்சிக்காரியும் நானே.

டைரி மங்களவாணி சில்க்ஸ் கொடுத்தது. என் அம்மா ஆவுடையம்மாள் அங்கே பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ‘பட்டென்றால் மங்களவாணி’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நானும் பட்டென்று சொல்லிவிடுகிறேன்.

பெயர் பேச்சியம்மாள். கூப்பிடுவது பேச்சி. பெயர் வைத்தவர்கள் பின்விளைவை யோசிக்கவில்லை. வயது பதினேழு. ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறேன். அப்பா லாரியில் நாக்பூர் பக்கம் எங்கேயோ இருக்கிறார். போன் பறிமுதல், ரிசல்ட் வரும்வரை.

காரணம் ஒரு வீடியோ. அம்மா வேலை முடிந்து வந்ததும் நீல வாளியில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்புப் போட்டு, இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். வாய் திறந்திருக்கும். அதை எடுத்து, பின்னால் நாதஸ்வரம் சேர்த்து, ‘ஐந்து நட்சத்திர ஸ்பா, பேட்டை கிளை’ என்று போட்டேன். ஒரே நாளில் பதினாலாயிரம் பேர் பார்த்தார்கள். இதயம் இதயமாகக் கொட்டியது. அந்த ராத்திரி எனக்குப் பசிக்கவே இல்லை.

மறுநாள் கடையில் யாரோ அம்மாவிடம் அதைக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தாள், கையை நீட்டினாள். கொடுத்தேன். பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

நல்ல காமெடி அது. இப்போதும் சொல்கிறேன்.

லைக்: 1 (நான்)

ஏப்ரல் 8, செவ்வாய்

இல்லாத போனைத் தேடிப் பதினெட்டு முறை பைக்குள் கை விட்டேன். பத்தொன்பதாவது முறை ஒரு நெல்லிக்காய் கிடைத்தது. தின்றுவிட்டேன்.

லைக்: 1

ஏப்ரல் 9, புதன்

சாப்பாடு கொண்டுபோகும் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. சும்மா வீட்டில் இருந்தால் நான் எதையாவது செய்துவிடுவேன் என்று அம்மாவுக்குப் பயம். மதியம் ஒரு மணிக்குள் தூக்குவாளி மூன்றாம் மாடிக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாம் மாடி பட்டுப் பிரிவு. அங்கே பத்தொன்பது பெண்கள். பதினெட்டுப் பேர் கவுண்டருக்குப் பின்னால் நின்று சேலையை விரிக்கிறார்கள். விரித்ததையெல்லாம் மறுபடி மடிப்பது ஒரே ஒருத்தி, என் அம்மா. கடைசித் தூணுக்குப் பின்னால் அவள் மேசை. கறை இருக்கிறதா, இழை பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, மடித்து, உள்ளே செருகும் சீட்டில் நீலப் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போடுவாள். டிக் விழாத சேலை அலமாரி ஏறாது. ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் நாற்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, “நாளைக்கு வாரோம்” என்று இறங்கிப் போனது. நாற்பதும் அம்மா மேசைக்கு வந்தது.

யாரும் உட்காரக்கூடாது. கூட வந்த கணவன்மார்களுக்கு மட்டும் ஒரு நீள சோபா. அவர்கள் அதில் புதைந்து போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் ஸ்டூல்கள் இருக்கின்றன! லிஃப்ட் பக்கத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை.

“எதுக்கும்மா அது?”

“உக்கார எடம் குடுக்கணும்னு சட்டம் இருக்குல்லா. ஆபீசர் செக்கிங் வந்தா எறக்குவாவ. அவரு போனதும் ஏத்திருவாவ.”

“அப்போ அது ஸ்டூல் இல்லம்மா. மியூசியம்.”

அம்மா சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவள் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

இந்த மாடியில் உட்கார ஒரே வழி சபாஷ். பெங்களூரில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி கொண்டுவந்தது. எல்லோர் கழுத்து அட்டையிலும் ஒரு க்யூஆர் கோடு. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்தால் ஊழியரின் போட்டோவும் ‘என்னைப் பற்றி ஒரு வரி’யும் வரும். கீழே சபாஷ் என்று ஒரு பொத்தான். அமுக்கினால் உடனே மாடி ஸ்பீக்கரில் கைதட்டல்: படபடபட. காலையிலிருந்து ஒரு மணிக்குள் யாருக்கு அதிகமோ அவர் ‘இன்றைய நட்சத்திரம்’. வாசலில் இருக்கும் பெரிய திரையில் முகம் வரும், பொய்க் காகிதப்பூ கொட்டும். பரிசு ஒரு சிவப்பு நாற்காலி. கடை மூடும்வரை அதில் உட்காரலாம்.

அதாவது சட்டப்படி கிடைக்க வேண்டிய இருக்கையைப் பூட்டி வைத்துவிட்டு, அதையே பரிசாகக் கொடுக்கிறார்கள். குறும்பில் இவர்கள் எனக்கு அண்ணன்.

“பாராட்டுன்னா தோசை மாதிரியாம், சுடச்சுட விழணுமாம். மீட்டிங்ல சின்ன முதலாளி சொன்னாரு” என்றாள் ஜெபராணி அக்கா. அம்மாவுக்குப் பக்கத்துக் கவுண்டர். இரண்டு மாதத்துக்கு முன்பு அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். “எனக்கு லீவு கடுதாசிக்குப் பதில் வர பதினோரு நாளாச்சு. அந்தத் தோச மட்டும் ஆறிப்போச்சு போல.”

அம்மாவுக்கு இதுவரை எத்தனை சபாஷ் என்று கேட்டேன். ஜெபராணி அக்கா அடுத்த சேலையை விரிக்கப் போய்விட்டாள். தூணுக்குப் பின்னால் நிற்கிறவளை எந்த வாடிக்கையாளர் பார்ப்பார்?

லைக்: 1

ஏப்ரல் 10, வியாழன்

இன்று அம்மாவின் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. போன வியாழனும் அப்படித்தான். புதன்கிழமை தேய்க்கும் எண்ணெய் வேலை செய்கிறது போல.

நான் ஒன்றும் உற்றுப் பார்க்கவில்லை. வாளி வழியில் இருந்தது.

லைக்: 1

ஏப்ரல் 12, சனி

திட்டம் தயார். கூட்டாளி நஸ்ரின், என் வகுப்பு. அவள் அண்ணனுக்கு ஜெராக்ஸ் கடை. அவளிடம் போனும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. பயத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னேன்.

சபாஷ் பக்கத்துக்குள் நுழைய ஊழியர் எண், பிறந்த தேதி. அவ்வளவுதான். அம்மாவின் பக்கம் திறந்தது. ‘என்னைப் பற்றி ஒரு வரி’ காலியாகக் கிடந்தது. பதினாறு வருடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே நான் ஒரு கடி ஜோக்கின் விடையை எழுதினேன். கேள்வியையும் அம்மாவின் க்யூஆர் கோடையும் ஸ்டிக்கராக அடித்தோம். நாற்பது ஸ்டிக்கர்.

‘மங்களவாணியில் காசு கொடுக்காமல் வாங்கக்கூடியது எது? விடைக்கு ஸ்கேன் செய்யவும். சிரிப்பு வந்தால் சபாஷ் அமுக்கவும்.’

விடை: ‘மூன்றாம் மாடிக்குப் படியேறினால், மூச்சு.’

“ஏட்டி, மாட்டினா?” என்றாள் நஸ்ரின்.

“மாட்டினா என்ன? நான் ஒட்டுறவ, மாட்டுறவ இல்ல.”

அம்மாவுக்கு ஒரு நாள் அந்த நாற்காலி. அவ்வளவுதான் நோக்கம். வாளி வீடியோவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

லைக்: 2 (நஸ்ரினும் போட்டாள்)

ஏப்ரல் 13, ஞாயிறு

தூக்குவாளி கொண்டுபோகும் சாக்கில் நாற்பதையும் ஒட்டியாயிற்று. படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும். லிஃப்ட் கண்ணாடியில். குடிதண்ணீர் மிஷினில். ஆண்கள் கழிப்பறை வாசலில் மட்டும் நஸ்ரினின் தம்பி ஒட்டினான், ஒரு ஐஸ்கிரீம் கூலி.

நாளை சித்திரை ஒன்று. கூட்டம் அம்மும்.

லைக்: 1

ஏப்ரல் 14, திங்கள்

முந்நூற்றுப் பன்னிரண்டு!!!

நான் மூன்றாம் மாடிக்குப் போனபோது ஸ்பீக்கர் நிறுத்தாமல் கைதட்டிக்கொண்டிருந்தது. படபடபட படபடபட. எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி. படியேறி வந்த எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் ஜோக்குக்கு! முகம் தெரியாதவர்கள்! பதினாலாயிரத்தின் ருசி மறுபடி நாக்கில்.

கடையில் இதுவரை அதிகபட்சம் நாற்பத்தொன்றாம். சூப்பர்வைசர் சங்கரநயினார் சார் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். பிறகு சின்ன முதலாளியே மேலே வந்தார். தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “இவங்களா?” என்றார்.

அடுத்து நடந்தது என் திட்டத்தில் இல்லை. சிவப்பு நாற்காலியை மாடியிலிருந்து கீழே இறக்கி, வாசலில் திரைக்கு அடியில் போடச் சொன்னார். அம்மாவின் மேசையும் அங்கே போயிற்று. “ரெக்கார்ட் ஸ்டார்! எல்லாரும் பாக்கட்டும். அங்க உக்காந்து லைவா மடிக்கட்டும். இனி டெய்லி நாற்காலி இங்கதான்.”

மேலே திரையில் அம்மாவின் முகம், ஆறடி உயரம். கீழே அம்மா, நாற்காலியில், பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒரு அக்கா கேட்டாள்: “நீங்கதான அந்த வாளிக்குள்ள கால விட்டுட்டுத் தூங்குறவங்க?”

நான் அந்த நேரம் தூக்குவாளியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஆனால் உட்கார்ந்தாள் இல்லையா? எட்டு மணி நேரம்! அதுதானே முக்கியம்.

லைக்: 312

ஏப்ரல் 15, செவ்வாய்

அம்மா பேசவில்லை. சாம்பாரில் உப்பும் இல்லை.

லைக்: 0 (கை வலி)

ஏப்ரல் 17, வியாழன்

தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது ஜெபராணி அக்கா படிக்கட்டில் என் சடையைப் பிடித்தாள்.

“ஸ்டிக்கரு நீதான?”

“என்ன ஸ்டிக்கரு?”

“மூச்சு வாங்குற மூஞ்சியப் பாரு. இன்னிக்கு வியாழக்கிழம. இன்னிக்கு உங்கம்மா மொறை. தெரியுமாட்டி ஒனக்கு?”

தெரியாது. இப்போது தெரியும்.

அந்த நாற்காலியை மாடி அக்காமார் எப்போதோ பிடித்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கு யாருக்கு உட்கார வேண்டிய அவசியமோ, காய்ச்சலோ, மாதவிலக்கோ, முதுகு வலியோ, அவள் அட்டை கவுண்டர் கவுண்டராகக் கைமாறும். பில் போடும் அவசரத்தில் எந்த வாடிக்கையாளரும் போட்டோவைப் பார்ப்பதில்லை. “ஒரு சபாஷ் போட்ருங்கக்கா” என்றால் போட்டுவிடுவார்கள். ஒரு மணிக்கு நாற்காலி வரும். அதைத் தூணுக்குப் பின்னால், கேமரா கண்ணுக்குத் தப்பும் இடத்தில் போட்டுக்கொள்வார்கள். நட்சத்திரம் கொஞ்ச நேரம் உட்காரும். பிறகு சேலை காட்டுகிற மாதிரி எழுந்திரிக்கும், இன்னொருத்தி உட்காருவாள். பத்துப் பத்து நிமிஷம். பத்தொன்பது பேருக்கும்.

இன்றைக்கு யார் முறை என்று காலையில் முதல் சேலையின் சீட்டில் நீலப் பென்சிலால் பெயர் எழுதி அனுப்புவது யார் தெரியுமா? தூணுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நிற்கிற ஆவுடையம்மாள்.

எட்டு மாதம் அது ஓடியிருக்கிறது. எண்ணெய் இல்லை, நாற்காலிதான் வியாழக்கிழமை வீக்கத்தை வடித்திருக்கிறது. நான் நாற்பது ஸ்டிக்கரில் முடித்துவிட்டேன். நாற்காலி இப்போது வாசலில், ஊர் பார்க்க. அங்கே பத்து நிமிஷம் மாறி உட்கார முடியாது.

“நாங்க அவரயே ஏமாத்திக்கிட்டு இருந்தோம்” என்றாள் ஜெபராணி அக்கா. “நீ எங்கள ஏமாத்திட்ட.” சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டுக் கம்பியில் சாய்ந்து, மெல்ல ஏறிப்போனாள்.

அந்த ஜோக்குக்கு அவளும் மூச்சு வாங்கினாள். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

இரண்டு செய்திகள்.

ஒன்று. ஜெபராணி அக்கா நேற்று முடியாமல், தூணுக்குப் பின்னால் போவதற்குள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேமராவில் விழுந்துவிட்டது. ‘பணி நேரத்தில் தரையில் அமர்ந்தமைக்காக’ மெமோ. இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிக்கிறது அவள் மட்டும்தான்.

இரண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஏதோ கோளாறு என்று சின்ன முதலாளிக்குச் சந்தேகம். எங்கள் ஸ்டிக்கரையெல்லாம் சுரண்டிவிட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ‘இனி ஒருவருக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 25 சபாஷ் மட்டுமே ஏற்கப்படும். ஒரு மணிக்குள் 25 பெறுபவர் இன்றைய நட்சத்திரம். அவருக்கு இருக்கை உறுதி.’

இன்று லைக் இல்லை. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஏப்ரல் 21, திங்கள்

அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் வாளியில் கால் வைத்திருந்தாள். நான் எதிரே தரையில்.

“நான்தாம்மா ஒட்டினேன்.”

“தெரியும். ‘மூச்சு வாங்கும்’னு ஒன்னத் தவிர எந்தக் கிறுக்கியும் எழுத மாட்டா.”

“ஒனக்கு நாற்காலி கெடைக்கட்டும்னுதான்...”

“எனக்கா?” வாளித் தண்ணீர் அலம்பியது. “பதினாலாயிரம் பேரு கை தட்டினது ஒனக்குப் பத்தல. அதான் முந்நூறு பேரக் கூட்டிட்டு வந்து எம்மேல தட்டவிட்ட. என்னக் கேட்டியாட்டி? ரெண்டு தடவையும் என்னக் கேட்டியா?”

கேட்கவில்லை. பதில் சொல்ல எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. இது என் வாழ்க்கையில் முதல் முறை, தேதி குறித்துக்கொள்கிறேன்.

அம்மா துண்டெடுத்துக் காலைத் துடைத்தாள். பிறகு எழுந்துபோய்ப் பையிலிருந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்தாள். நீலப் பென்சிலால் ஒவ்வொன்றிலும் ஒரு பெயராக எழுதித் தரையில் பரப்பினாள். பத்தொன்பது.

“அந்த நோட்டீஸ்ல என்ன எழுதிருக்கு? இன்னொரு தடவ வாசி.”

வாசித்தேன்.

“இருவத்தஞ்சு வாங்குனா இருக்கை உறுதி. ஒருத்திதான் வாங்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். பதினேழு வருடமாக இந்தக் குறும்பு எங்கிருந்து வந்தது என்று ஊரே கேட்டது. அப்பாவிடமிருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் ஸ்டிக்கர் அடிக்கட்டுமா?”

“ஒண்ணும் ஒட்டாண்டாம். எங்க அட்டைய நாங்களே காமிப்போம். ஒனக்கு வேற வேலை. ஆளுக்கொரு ஜோக்கு. பத்தொம்பது. அவளுவ பிடிச்சிருக்குன்னு சொன்னாத்தான் போடணும்.”

ஏப்ரல் 23, புதன்

பத்தொன்பதில் பதினொன்று தேறியது. மீதி எட்டையும் அக்காமார் தள்ளுபடி செய்துவிட்டார்கள். “இது கடி இல்ல, கொலை” என்று தீர்ப்பு.

ஏப்ரல் 26, சனி

பத்தொன்பதும் ரெடி. எல்லோர் பக்கத்திலும் அவரவர் சம்மதத்துடன் நஸ்ரின் ஏற்றிவிட்டாள். அம்மாவுக்கு எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டாள். சேலை மடிப்பை நீவுகிற மாதிரி முழங்காலை ஒரு தடவை நீவினாள். “போடு” என்றாள்.

நாளை பெரிய முகூர்த்தக் கூட்டம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நான் பதினொரு மணிக்கே போய்விட்டேன். தூக்குவாளியில் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது என்று செக்யூரிட்டி அண்ணனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, விட்டுவிட்டார்.

மாடி முழுக்கக் கூட்டம். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரே குரல்: “எக்கா, சேல எடுக்கதுக்கு முன்னால ஒரு கடி ஜோக்கு. விடை இந்த அட்டையில.” படபடபட. ஜெபராணி அக்காவின் கேள்வி, ‘ஆபரேஷன் முடிந்தவர்கள் ஆறு வாரம் தூக்கக்கூடாதது எது?’ விடை, ‘கனமான சேலைக் கட்டு. ஆனால் முதலாளி பேச்சைத் தலையில் தூக்கி வைக்கலாம்.’ ஒரு கல்யாணப் பெண் சிரித்ததில் ஜரிகையில் எச்சில் தெறித்து, அந்தச் சேலையையே எடுக்க வேண்டியதாயிற்று.

பன்னிரண்டரைக்குப் பதினான்கு பேர் இருபத்தைந்தைத் தொட்டிருந்தார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பதினெட்டு. தொட்டவர்கள் உடனே அடுத்தவளைக் கைகாட்டினார்கள்: “எனக்குப் போதும்க்கா, அந்தா அவளுக்குப் போடுங்க.” போதும் என்று சொல்கிற சபாஷை அந்த ஸ்பீக்கர் இதுவரை கேட்டிருக்காது.

பத்தொன்பதாவது அம்மா. தூணுக்குப் பின்னால். பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு இருபத்துநான்கு.

நஸ்ரின் வரவில்லை. என் போன் பீரோவில். ஒரே ஒரு சபாஷ் போட வக்கில்லாமல் தூக்குவாளியோடு நிற்கிறேன். எல்லாக் கவுண்டரிலும் பில் நேரம். யாரும் நிமிரவில்லை. சங்கரநயினார் சார் டேப்லெட்டோடு படியேறிக்கொண்டிருந்தார்.

சோபாவைப் பார்த்தேன். ஒரு மாமா, மீசை, மடியில் நாலு பை, போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, ஒரு கடி ஜோக்கு.”

“வேண்டாம்மா.”

“அந்தத் தூணுக்குப் பின்னால. ஒரு நிமிஷம். பிடிக்கலன்னா சபாஷ் போட வேண்டாம். இந்தத் தூக்குவாளிச் சோத்தத் தந்துருதேன்.”

பெருமூச்சு விட்டு எழுந்து வந்தார். அம்மா அட்டையை நீட்டினாள். நான் கேள்வியைச் சொன்னேன்:

“இந்த மாடியில நாள் முழுக்க மடிக்கிறவங்களால மடக்க முடியாதது எது?”

ஸ்கேன் செய்தார். விடையைப் படித்தார்.

‘கால்.’

அவர் சிரிக்கவில்லை. போனிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவின் பாதத்தைப் பார்த்தார். கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார். திரும்பித் தான் உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்தார். அதில் அவர் உட்கார்ந்த பள்ளம் இன்னும் இருந்தது. பிறகு கட்டைவிரலால் அமுக்கினார்.

படபடபட.

ஒரு மணி.

சங்கரநயினார் சார் டேப்லெட்டைப் பார்த்தார். “என்ன எளவு இது? பத்தொம்பது நட்சத்திரமா? ஏய், நாற்காலி ஒண்ணுதான இருக்கு!”

பதினாறு வருடமாகத் தூணுக்குப் பின்னால் நின்றவள் வெளியே வந்தாள்.

“ஒண்ணு இல்ல சார். இருக்கு.”

நேராக லிஃப்ட் பக்கம் போனாள். ஸ்டூல் அடுக்கின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை உருவினாள். உருவியதை நாலாக மடித்து ஓரமாக வைத்தாள். அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஸ்டூல்கள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. ஜெபராணி அக்கா கீழே இருந்ததைப் பிடித்துக்கொள்ள, அம்மா மேலே இருந்ததை இழுத்தாள். ‘பொளக்.’

“ஆவுடையம்மா, ஏத்திரு. இன்னிக்கு ஆபீசரு வரலம்மா!”

“நாங்க வந்திருக்கோம்லா சார்.”

பொளக். பொளக். பொளக். முதல் ஸ்டூல் ஜெபராணி அக்காவுக்கு. அவள் உட்காரும்போது ஒரு சத்தம் போட்டாள், ‘ஸ்ஸ்ஆ’ என்று. அந்தச் சத்தத்தை நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. பத்தொன்பதாவது அம்மா.

சார் வாயைத் திறந்தார். அதற்குள் மூன்றாவது கவுண்டரில், கழுத்து நிறைய நகையோடு ஒரு அம்மா அதட்டினாள்: “ஏன்யா, பிள்ளைங்க உக்காந்துட்டே காமிக்கட்டும். சேல என்ன ஓடியா போவுது? ஏட்டி, அந்த அரக்குக் கலர எடு.”

அந்தக் கவுண்டர் அக்கா உட்கார்ந்தபடியே எடுத்தாள்.

கீழே வாசல் திரையில் முகம் மாறி மாறி வந்துகொண்டிருந்ததாம், பத்தொன்பது முகம், பத்தொன்பது தடவை காகிதப்பூ. அதற்கு அடியில் சிவப்பு நாற்காலி காலியாகக் கிடந்ததாம். நான் பார்க்கவில்லை. எனக்கு மேலே வேலை இருந்தது. அம்மாவுக்குத் தூக்குவாளியைத் திறந்து கொடுத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

சின்ன முதலாளி அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். மரியாதையாகத்தான் பேசினாராம். “எல்லாம் உங்க பொண்ணு பண்ண ப்ராங்க்குன்னு எனக்குத் தெரியும்மா. தெரியாம நடந்துபோச்சு, இனி நடக்காதுன்னு ஒரு லெட்டர் குடுங்க. இதோட விட்டுடலாம்.” கொடுக்காவிட்டால் பத்தொன்பது பேருக்கும் மெமோ. ஜெபராணி அக்காவுக்கு அது இரண்டாவது.

“நான் வேணா பழிய ஏத்துக்கிடுதேன்” என்றேன். “நான்தான் எல்லாரையும் ஏமாத்தினேன்னு எழுதிரு. எனக்கென்ன, எனக்கு யாரு மெமோ குடுக்க முடியும்?”

“பேனா எடு” என்றாள். “ஒன் கையெழுத்துதான் நல்லாருக்கும். நான் சொல்லுதத மட்டும் எழுது. ஒன் வால அதுல நீட்டாத.”

எழுதியது இது:

‘ஐயா, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி முதல் கடை மூடும்வரை நான் உட்கார்ந்து வேலை பார்த்தேன். வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லவில்லை. சேலை ஒன்றும் கசங்கவில்லை. தெரியாமல் உட்காரவில்லை. என் மகள் செய்தது குறும்பு. நாங்கள் உட்கார்ந்தது குறும்பு இல்லை. நீங்கள் ஒட்டிய நோட்டீஸில் இருக்கை உறுதி என்று இருக்கிறது. அதற்கு முன்பே சட்டத்திலும் இருக்கிறது. நாளையும் உட்காருவேன்.’

கடைசியில் நான் ஒரே ஒரு வாலை நீட்டினேன்: ‘இப்படிக்கு, உட்கார்ந்துகொண்டே சொன்ன ஆவுடையம்மாள்.’ அந்த வரியை அடித்துவிடச் சொல்வாள் என்று பார்த்தேன். கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் 30, புதன்

நேற்றுக் காலையில் மற்ற பதினெட்டுப் பேரும் அதே தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இடம் போதாமல் பின்பக்கமும்.

மெமோ வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. ஜெபராணி அக்காவின் பழைய மெமோ ஃபைலில் அப்படியே இருக்கிறது. சபாஷ் ‘பராமரிப்பில் உள்ளது’. பெரிய திரையில் இப்போது வேட்டி விளம்பரம். ராத்திரி கடை மூடியதும் யாரோ ஸ்டூல்களை மறுபடி அடுக்கி உறை போட்டுவிடுகிறார்கள். காலையில் அக்காமார் வந்ததும் முதல் வேலையாக இறக்குகிறார்கள். பொளக், பொளக், பத்தொன்பது தடவை. கைதட்டலைவிட அது நல்ல சத்தம் என்கிறாள் ஜெபராணி அக்கா.

யார் முதலில் சலிக்கிறார்கள் என்று பார்க்கலாம். எங்கள் ஆட்கள் பதினாறு வருடம் நின்று பழகியவர்கள்.

மே 2, வெள்ளி

இன்று காலை ஸ்டூல்கள் அடுக்கப்படாமல் நேற்று வைத்த இடத்திலேயே இருந்தனவாம்.

சாயங்காலம் அம்மா பீரோவைத் திறந்து போனைக் கையில் கொடுத்தாள். ரிசல்ட் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வாளி வீடியோ இருபத்தோராயிரத்தில் நின்றது. அழித்துவிட்டேன். போனில் இடம் பத்தவில்லை, அதனால்தான்.

பிறகு எழுதலாம் என்று டைரியைத் திறந்தேன். ஒவ்வொரு நாளின் அடியிலும், நான் போட்ட லைக்குக்குப் பக்கத்தில், நீலப் பென்சிலால் சின்னதாக ஒரு டிக். கடைசிவரை. நான் லைக் போடாத நாட்களிலும்.

இரண்டு பக்கத்தில் மட்டும் இல்லை. ஏப்ரல் ஏழிலும் பதினாலிலும். பக்கத்தின் மூலையை மடித்து மட்டும் வைத்திருக்கிறாள். கறை இருக்கிற சேலையை அப்படித்தான் மடித்துத் தனியே வைப்பாள்.

அடுத்தவர் டைரியைக் கேட்காமல் படிப்பது தப்பு. இதைப் பற்றி அவளிடம் கேள்வி கேட்கப் போகிறேன். அப்படியே அந்த இரண்டு பக்கத்துக்கும் மேல்முறையீடு செய்யப் போகிறேன். ஏழாம் தேதியை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த மூச்சு ஜோக் நல்ல ஜோக்.

அடுப்படியில் இருக்கிறாள். உட்கார்ந்துதான் வெங்காயம் நறுக்குகிறாள். போய்க் கேட்டேன்.

“மூச்சு சுமாருட்டி” என்றாள், நிமிராமல். “கால்தான் ஜோக்கு.”

லைக்: